பீரங்கி அக்கா எடுத்த சுவர்

என் அக்காவின் லென்ஸ் ஒரு கைக்குழந்தையின் எடை இருக்கும். அவள் அதைத் தூக்கிக்கொண்டு போவதும் அப்படித்தான்: இடது இடுப்பில் சாய்த்து, வலது கையால் எதிரே வருகிறவர்களை விலக்கியபடி. அதன் முன்விளிம்பில் ஒரு நசுங்கல் உண்டு. முதுகு போய்விட்டதால் வேலையை விட்ட ஒரு விளையாட்டுப் புகைப்படக்காரரிடமிருந்து வாங்கியது. பந்து வந்து அடித்த இடம் என்று அவர் சொன்னாராம். அக்கா அதைச் சரிசெய்யவே இல்லை. "அடி வாங்கியும் வேலை செய்யுது பாத்தியா" என்பாள்.

வாங்கிய அன்று வீட்டில் நடந்த கூத்தை நான் போனில்தான் கேட்டேன். அப்போது எங்கோ ஒரு துறைமுகத்தில் பஸ்ஸுக்குக் காத்திருந்தேன். அம்மா சாப்பிட மாட்டேன் என்று உட்கார்ந்துவிட்டாள். அக்காவின் வீட்டுக்காரர், எங்கள் மாமா, பம்ப் மெக்கானிக். அவர் லென்ஸை வாங்கி முன்னும் பின்னும் திருப்பிப் பார்த்துவிட்டு, "இவ்வளவு பெரிய குழாயா இருக்கே, இதுல தண்ணி வருமா?" என்று மட்டும் கேட்டாராம்.

"கண்ணுல வரும். படத்தைப் பாருங்க, அப்புறம் பேசுங்க."

படத்தைப் பார்த்தபின் மாமா பேசவில்லை. அந்தப் படத்தில் இருந்தது அவருடைய தங்கை மகள். வீட்டில் யாரும் நிமிர்ந்து பார்க்காத அந்தப் பெண் அதில் எல்லோரையும் நிமிர்ந்து பார்த்துக்கொண்டிருந்தாள்.

அக்கா மாணவர்களை மட்டும்தான் எடுப்பாள். கல்யாணம், பிறந்தநாள், கடைதிறப்பு என்று யார் கூப்பிட்டாலும், "அதுக்கு ஊர்ப்பட்ட ஆள் இருக்காங்க" என்று கையை விரித்துவிடுவாள். காரணம் எங்கள் வீட்டுக் கூடத்தில் மாட்டியிருக்கிறது. அவள் பள்ளி முடித்த ஆண்டில் எடுத்த படம். பின்னால் நீலத் துணி, அடியில் முக்காலி. 'முகவாயைத் தூக்கு, சிரி, அடுத்தது' என்று வரிசையைத் தள்ளிக்கொண்டே போன ஸ்டூடியோக்காரர் ஃப்ளாஷைப் போட்ட நொடியில் அவள் கண்ணை மூடிவிட்டாள். மறுபடி எடுக்கச் சொல்லிக் கேட்டதற்கு, "நீ ஒருத்திதான் இருக்கியா?" என்றாராம். பன்னிரண்டு வருஷம் படித்ததற்கு அடையாளமாகக் கண்மூடிய ஒரு முகம். விருந்தாளிகள் வந்தால், "இது யாரு, தூக்கத்துல எடுத்ததா?" என்று கேட்காமல் போவதில்லை.

அதனால் அவள் துணியையும் முக்காலியையும் தூக்கிப் போட்டுவிட்டாள். பிள்ளைகளைத் திறந்த வெளிக்குக் கூட்டிப்போவாள். அவர்களை ஓரிடத்தில் நிறுத்திவிட்டு, விறுவிறுவென்று நடந்து, தூரத்தில் போய் நின்றுகொள்வாள். அந்த லென்ஸுக்கு அத்தனை தூரம் வேண்டும். அவளுக்கும் வேண்டும். மூக்குக்கு நேரே கேமராவை நீட்டினால் எந்தப் பிள்ளைக்கும் முகம் இறுகிவிடும். தூரத்தில் நிற்கிற ஒருத்தியிடம் பயப்பட என்ன இருக்கிறது?

சிரிக்கவும் சொல்ல மாட்டாள். அங்கிருந்து, "திட்டு!" என்று கத்துவாள்.

"யாரைக்கா?"

"யாரை வேணா திட்டு. என்னைத் திட்டு. எனக்கு ஒண்ணும் கேக்காது!"

முதலில் நெளிவார்கள். பிறகு உதட்டுக்குள் ஏதோ முணுமுணுப்பார்கள். அந்த நேரத்தில் முகத்தில் ஒன்று வரும் பாருங்கள், அதைத்தான் அவள் எடுப்பாள். அப்படி எடுத்த முகங்கள் எல்லாம் நேராகப் பார்க்கும். எதற்கும் தயாராக நிற்கும். பிள்ளைகள் அவளுக்குப் பீரங்கி அக்கா என்று பெயர் வைத்தார்கள். அவள் அதையே விசிட்டிங் கார்டில் அச்சடித்துக்கொண்டாள்.

நான் ஒற்றைப் பையோடு திரும்பி வந்த மறுநாள், அக்கா என் கையில் ஒரு தெர்மாகோல் அட்டையைக் கொடுத்தாள். "உலகம் சுத்தினது போதும். இதைப் பிடிச்சுக்கிட்டு ஒரே இடத்துல நில்லு, பாப்போம்." வெயிலை வாங்கிப் பிள்ளைகளின் முகத்தில் அடிக்க அந்த அட்டை. ஆகவே படத்துக்கு வெளியே, பிள்ளையின் பக்கத்தில் நிற்பவள் நான். அக்காவுக்குக் கேட்காத திட்டெல்லாம் எனக்குக் கேட்கும். அதை வெளியே சொல்லக்கூடாது என்பது அவள் போட்ட முதல் கட்டளை.

இந்த வருஷம்தான் எங்கள் தெருக்கோடிப் பள்ளியிலிருந்து அழைப்பு வந்தது. அக்கா கண்மூடிய அதே பள்ளி. ஆண்டுதோறும் போய்க் கேட்பாள். ஆண்டுதோறும் தாளாளர், "பிள்ளைங்களை வெயில்ல காய வைக்க முடியாதும்மா" என்று அனுப்பிவிடுவார். நீலத் துணியே தொடரும். இப்போது அவரே போன் செய்தார்.

"கடைசி வகுப்பு மொத்தமும் நீதான் எடுக்கிறே. வெளியில, மைதானத்துல. ஆனா அந்தப் பெரிய லென்ஸ்லதான் எடுக்கணும். பெற்றோர் கூட்டத்துக்கு முன்னாடி படம் எல்லாம் ஹால்ல தொங்கணும்."

அக்கா போனை வைத்துவிட்டு, கூடத்துக்கு வந்து, கண்மூடிய தன் படத்தைப் பார்த்து, "எப்படி!" என்றாள். அன்று முழுக்க அவள் கால் தரையில் இல்லை.

மைதானத்தின் பின்கோடியில் நீளமாக ஒரு பழைய கட்டடம் இருந்தது. கடைசி வகுப்புகள் அங்கேதான் நடக்கும். நாங்கள் போனபோது அது பூட்டிக் கிடந்தது. மழைக்காலத்திலிருந்து வகுப்புகள் மரத்தடியில் நடந்தன. 'இயற்கையோடு கல்வி' என்று வாசலில் பலகையே எழுதி வைத்திருந்தார்கள். பெற்றோர் யாரும் முன் ஹாலைத் தாண்டி உள்ளே வருவதில்லை, வர விடுவதில்லை.

பிள்ளைகளை வரிசைப்படுத்திக் கொடுக்க வந்தவர் பி.டி. சார். கழுத்தில் விசில், கையில் பிரம்பு, முகத்தில் பத்து வருஷத்துச் சலிப்பு. அவர் விசில் ஊதினால் மரத்துக் காக்கை கூட வரிசையில் நிற்கும் போலிருந்தது.

முதல் நாள் மாலை வெயிலில் எடுத்தோம். அக்கா லென்ஸை முழுக்கத் திறந்து வைத்திருந்தாள். லென்ஸுக்குள்ளே மெல்லிய தகடுகள் பூவிதழ் போல அடுக்கியிருக்கும். அவை விரிந்தால் துளை பெரிதாகும். அப்போது இமை மட்டும் கூராகத் தெரியும், காது கூட மங்கிவிடும். பின்னால் இருப்பதெல்லாம் வெண்ணெயாக உருகிவிடும். இதழ்கள் மூடி, துளை குண்டூசித் தலை போலானால் பின்னால் இருக்கிற செங்கலும் சேர்ந்து தெரியும். திறந்த துளைதான் அக்காவின் பெருமை. அதற்காகத்தான் அந்த எடையைச் சுமக்கிறாள்.

வரிசையில் ஒரு பெண் வந்தாள். வாய் ஓயாமல் பேசுகிறவள். பி.டி. சார், "வக்கீல் வந்துட்டா, வழி விடுங்க" என்றார். அதுவே அவளுக்குப் பெயர். தன் படத்தைக் கேமராத் திரையில் பார்த்துக்கொண்டே இருந்தாள்.

"நல்லாருக்கா?" என்றாள் அக்கா.

"நான் நல்லாருக்கேன். பின்னாடி எங்க கிளாஸ் எங்கக்கா? காணோமே."

"கரைஞ்சிருச்சு. அதான் இந்த லென்ஸோட அழகு."

"தாளாளர் சாரும் அதேதான் சொன்னாரு."

"என்ன சொன்னாரு?"

"இந்தக்கா எடுத்தா பில்டிங்கே தெரியாதுன்னு. எங்க மிஸ்கிட்ட சொன்னாரு, நான் பக்கத்துலதான் இருந்தேன்."

அக்கா கேமராவை இறக்கினாள். "ஏன், பில்டிங்குக்கு என்ன?"

வக்கீல் கட்டடத்தை நோக்கி நடந்தாள். நாங்கள் பின்னால் போனோம்.

ஜன்னல்களுக்குக் கீழே, காதளவு உயரத்தில், கட்டடத்தின் நீளம் முழுக்க, ஒரு விரிசல் ஓடியது. சில இடங்களில் விரல் நுழையும். ஒரு மூலையில் அக்காவின் கையே மணிக்கட்டு வரை போனது. ஜன்னல் வழியாக உள்ளே எட்டிப் பார்த்தோம். உத்தரத்துக்கு அடியில் இரண்டு பெஞ்சுகளை ஒன்றின் மேல் ஒன்று நிமிர்த்தி முட்டுக் கொடுத்திருந்தார்கள்.

"பெயின்டர் வந்ததும் பூசி, வெள்ளையடிச்சு, பெற்றோர் கூட்டம் முடிஞ்ச திங்கக்கிழமையே எங்களை உள்ள உக்கார வைக்கப் போறாங்க" என்றாள் வக்கீல். "மரத்தடியிலயே இருந்தா வர்ற வருஷம் சேர்க்கை குறையுமாம்."

"வீட்டுல சொன்னியா?"

"சொன்னேன். படிக்காம இருக்க உனக்கு இது ஒரு சாக்கான்னு எங்கப்பா கேட்டாரு. எல்லார் வீட்டுலயும் அதேதான்."

அக்கா கையை விரிசலிலிருந்து எடுத்தாள். சிமெண்ட் பொடியைப் புடவையில் துடைத்துக்கொண்டாள். லென்ஸை இடுப்பில் ஏற்றிக்கொண்டு எனக்கு முன்னால் வீட்டுக்கு நடந்தாள்.

சாப்பிடும்போது வெடித்தாள்.

"எத்தனை வருஷமா போய் நின்னேன். என் படம் பிடிச்சுப்போய்க் கூப்பிட்டாருன்னு நினைச்சேன்டி. சுவத்தை மறைக்க ஒரு திரைச்சீலை வேணும்னு கூப்பிட்டிருக்காரு. நீலத் துணிக்குப் பதிலா நான்!"

மாமா தண்ணீரை நகர்த்தி வைத்தார். "இப்ப என்ன செய்யப்போறே? போய் சண்டை போடுவியா? உன்னை அனுப்பிட்டுப் பழைய ஸ்டூடியோக்காரனைக் கூப்பிடுவாரு. சுவரும் அப்படியே இருக்கும், உனக்கும் ஸ்கூல் போயிரும்."

"அப்ப வாயை மூடிக்கிட்டு எடுக்கச் சொல்றீங்களா?"

"உன்னால வாயை மூட முடியுமா? முடியாததை நான் ஏன் சொல்றேன்?"

எனக்குச் சிரிப்பு வந்தது. அக்கா முறைத்தாள். பிறகு தட்டைப் பார்த்தபடியே, "வாயை மூட முடியாது. துளையை மூடலாம்" என்றாள்.

மாமாவுக்குப் புரியவில்லை. எனக்குப் புரிந்தது. "அக்கா, அவர் பாத்துருவாருக்கா. பக்கத்துலயே வந்து நிப்பாரு."

"நிக்கட்டும். கண்ணை வெச்சுப் பாக்கட்டும்" என்றாள். எழுந்து கை கழுவப் போய்விட்டாள்.

மறுநாள் பி.டி. சாரிடம், "நேத்து எடுத்தது சரியில்லை, எல்லாரையும் திரும்ப எடுக்கணும்" என்றாள். மாலையில் மட்டுமே கேமராவைத் தொடுகிறவள், உச்சி வெயிலில் பிள்ளைகளைக் கூப்பிட்டாள். துளை சிறுத்தால் வெளிச்சம் நிறைய வேண்டும். மரத்தடியிலிருந்து வரிசையைக் கட்டடத்தின் பக்கம் நகர்த்தினாள். முதலில் சுவரின் உயரத்தை அண்ணாந்து பார்த்தாள். அது அப்படியே சரிந்தாலும் எட்டாத இடம்தானா என்று தரையில் நடந்து நடந்து பார்த்தாள். நிச்சயமான பிறகு ஆடுகளத்துச் சுண்ணாம்பால் ஒரு நீளக் கோடு போடச் சொன்னாள். "ஒருத்தர் நின்ன இடத்துக்குப் பக்கத்துல அடுத்தவங்க. யாரும் இடம் மாறக்கூடாது."

பி.டி. சார் கோட்டைப் பார்த்தார். சுவரைப் பார்த்தார். அக்காவைப் பார்த்தார். "இங்கயா?" என்றார்.

"இங்கதான் சார் வெயில் நல்லா விழுது."

அவர் விசிலை எடுத்து ஊதினார்.

தூரத்திலிருந்து எடுக்கும் லென்ஸுக்கு இன்னொரு குணம் உண்டு. தள்ளிப் போகப் போக, பின்னால் இருப்பது பிள்ளையின் முதுகை ஒட்டி வந்துவிடும். அக்கா தள்ளிப் போனாள். துளையைப் பதினாறில், அதாவது குண்டூசித் தலை அளவில், வைத்தாள். சுவர் ஒவ்வொரு பிள்ளையின் காதுக்கருகில் வந்து நின்றது.

பாதியில் தாளாளர் வந்தார். குடை பிடித்துக்கொண்டு, அக்காவுக்குப் பக்கத்திலேயே நின்றார். அட்டை என் கையில் ஆடியது. பிள்ளையின் முகத்தில் வெளிச்சம் குதித்தது. "ஒழுங்காப் பிடிடி!" என்று அங்கிருந்து கத்தினாள். குரலில் ஒரு பிசிறும் இல்லை.

"பில்டிங் பக்கத்துல நிக்கிறாங்களேம்மா" என்றார் அவர்.

"நீங்களே பாருங்க சார்."

குனிந்து கண்ணை வைத்தார். இது அவள் வைத்த பொறி என்று சொன்னால் அவள் ஒத்துக்கொள்ள மாட்டாள். கேமராவின் வழக்கமே அதுதான். கண் வைத்துப் பார்க்கிற நேரமெல்லாம் அந்த லென்ஸ் திறந்தே இருக்கும். பொத்தானை அழுத்துகிற அந்த ஒரு நொடியில் மட்டும் இதழ்கள் மூடும், படம் விழும், மறுபடி திறந்துகொள்ளும். பார்க்கிறவர் பார்ப்பது ஒன்று, படத்தில் விழுவது வேறு. கேமரா பிடிக்கிறவர்களுக்கெல்லாம் இது பாலபாடம். தாளாளருக்கு லென்ஸ் என்றால் லென்ஸ்தான். பெரிய லென்ஸ் வந்துவிட்டால் எல்லாம் கரைந்துவிடும்.

"ஆஹா," என்றார். "ஒண்ணுமே தெரியலையே. மேகம் மாதிரி இருக்கு."

"முகம் தெரியுதா சார்?"

"முகம் பளிச்சுனு தெரியுது."

"எனக்கு அது போதும்" என்றாள் அக்கா. பின்பக்கத் திரையை அவள் காலையிலேயே அணைத்து வைத்திருந்தாள்.

அவர் குடையோடு திரும்பிப் போனார். அக்கா என் பக்கம் பார்த்துக் கத்தினாள்: "அடுத்தது! திட்டு!"

அன்று வக்கீல் திட்டிய திட்டு நீளமானது. அவள் முகத்தை அக்கா ஒரே ஒரு தடவைதான் எடுத்தாள். போதும் என்று கையைக் காட்டினாள்.

சில நாளில் பெயின்டர்கள் வந்தார்கள். விரிசலில் சிமெண்டை அடைத்து, தேய்த்து, சந்தன நிறம் அடித்தார்கள். தெருவிலிருந்து எட்டிப் பார்த்தபோது புதுக் கட்டடம் மாதிரி இருந்தது. மாமா பார்த்துவிட்டு, "பம்புக்கு வெளியே பெயின்ட் அடிச்சா தண்ணி ஏறுமா?" என்றார்.

பெற்றோர் கூட்டத்தன்று காலையில் நாங்கள்தான் படங்களை மாட்டினோம். முன் ஹாலில் நீளமாகக் கயிறு கட்டி, கிளிப் போட்டுத் தொங்கவிடுவது அந்தப் பள்ளியின் பழக்கம். மதிப்பெண் வரிசையில் மாட்டுவார்கள். அக்கா சுண்ணாம்புக் கோட்டில் நின்ற வரிசையில் மாட்டச் சொன்னாள். வக்கீலும் அவள் தோழிகளும் கிளிப்பை நீட்ட, நான் ஏணியில் நின்று மாட்டினேன். இறங்கிப் பார்த்தபோதுதான் அக்கா என்ன செய்திருக்கிறாள் என்பது தெரிந்தது. ஒரு படத்தில் விட்ட இடத்தில் அடுத்த படம் தொடங்கியது. பிள்ளைகளின் தலைகளுக்குப் பின்னால், காதுக்குக் காது, அந்த விரிசல் ஹாலின் ஒரு மூலையிலிருந்து மறு மூலை வரை ஓடியது.

நான் அவளைப் பார்த்தேன். அவள் கயிற்றின் தொய்வைச் சரிசெய்துகொண்டிருந்தாள். "இந்த ஸ்கூல் போச்சுடி," என்றாள். "போனா போகட்டும்."

பெற்றோர்கள் வந்தார்கள். அடுத்து நடந்ததை நாங்கள் எதிர்பார்க்கவே இல்லை. யாருக்குமே சுவர் தெரியவில்லை.

அவரவர் பிள்ளையைத் தேடி ஓடினார்கள். கண்டுபிடித்தார்கள். கண்ணைத் துடைத்தார்கள்.

"தலையை வாரிக்கிட்டுப் போன்னு சொன்னேனா இல்லையா?"

"இவன் முறைக்கிறதைப் பாரு, அப்படியே உங்கப்பா."

"ஏன்டி, ராஜா வீட்டுப் பொண்ணாட்டம் நிக்கிறே?"

படத்தில் முகத்துக்குப் பின்னால் கட்டடமே வாய் பிளந்து நிற்கிறது. ஒருவர் கண்ணும் முகத்தைத் தாண்டவில்லை. அக்கா தூணில் சாய்ந்து கைகட்டி நின்றாள். எல்லோரையும் முகத்தைப் பார்க்க வைக்கவே அந்த லென்ஸைச் சுமந்தவள். இன்று அந்த முகங்களே அவளைத் தோற்கடித்துவிடும் போலிருந்தது.

காப்பாற்றியது பொறாமை. ஒரு தாய் தன் மகன் படத்தைப் பார்த்து முடித்துவிட்டு, பக்கத்துப் படம் இதைவிட நன்றாக வந்திருக்கிறதா என்று எட்டிப் பார்த்தாள். அந்தப் பெண்ணின் தாயும் அதே வேலையாக இந்தப் பக்கம் எட்டினாள்.

"உங்க பொண்ணு காதுக்குப் பின்னாடி என்னங்க, கறுப்பா ஒரு கோடு?"

"அது உங்க பையன் படத்துல இருந்துதான் வருது."

"எங்க படத்துலயா? இல்லையே, அதுக்கு முன்னாடியே இருக்கே..."

விரலை வைத்துக்கொண்டே முதல் தாய் இடப்பக்கமாக நகர்ந்தாள். அடுத்த படம். அதற்கடுத்த படம். இன்னொருத்தி வலப்பக்கமாகப் போனாள். நின்றிருந்தவர்கள் வழிவிட்டார்கள்; அப்புறம் அவர்களும் பின்னால் நடந்தார்கள். ஹாலில் சத்தம் அடங்கியது.

"இது எந்தச் சுவரு?" என்று யாரோ கேட்டார்கள்.

"எங்க கிளாஸ் சுவரு" என்றாள் வக்கீல். அவள் அப்பா பக்கத்திலேயே இருந்தார். "சாக்குன்னு சொன்னீங்களேப்பா. இதான்ப்பா அந்தச் சாக்கு."

அந்த நேரம் பார்த்துத் தாளாளர் உள்ளே வந்தார். கும்பிட்ட கையோடு வந்தவர் கயிற்றைப் பார்த்தார். கை அப்படியே நின்றது. அக்காவைத் தேடினார்.

"என்னம்மா இது? நான் என் கண்ணால பாத்தேனே! எல்லாம் கரைஞ்சு இருந்துச்சே! சுவர் தெரியவே கூடாதுன்னுதானே அந்த லென்ஸைக் கொண்டு வரச் சொன்னேன்!"

சொல்லி முடித்த பிறகுதான் தான் சொன்னது அவருக்கே கேட்டது.

அக்கா தூணை விட்டு நகரவில்லை. "நீங்க பாத்தீங்க சார். எடுத்தது நான்" என்றாள்.

"பூசியாச்சு! பெயின்ட் அடிச்சாச்சு! வேணும்னா போய்ப் பாருங்க!"

"பாக்கலாமே" என்றார் வக்கீலின் அப்பா. கிளிப்பைத் தட்டி மகளின் படத்தைக் கையில் எடுத்துக்கொண்டார். மற்றவர்களும் எடுத்தார்கள். ஹாலின் பின்கதவுக்குப் போனார்கள். அது பூட்டியிருந்தது. சாவி பி.டி. சாரிடம் இருந்தது. அவர் தாளாளரைப் பார்க்கவில்லை. கதவை மட்டும் பார்த்துக்கொண்டு வந்து திறந்தார்.

புதுப் பெயின்டின் வாசனை மைதானம் முழுக்க. பெற்றோர்கள் சுண்ணாம்புக் கோட்டின் மேல் வரிசையாக நின்று, கையை நீட்டிப் படத்தைச் சுவரோடு வைத்துப் பார்த்தார்கள். இந்த ஜன்னல், அந்த ஜன்னல். வழவழவென்று சந்தன நிறம். கையில் இருக்கிற படத்தில் அதே இடத்தில் பிளவு. ஒருவர் ஜன்னலில் எட்டிப் பார்த்து, "உள்ள பெஞ்சை முட்டுக் குடுத்திருக்காங்கப்பா!" என்று கத்தினார். பிறகு நடந்த சண்டையை நான் எழுத வேண்டியதில்லை.

திங்கட்கிழமை அந்தக் கட்டடத்தில் யாரும் உட்காரவில்லை. கடைசி வகுப்பு முன் ஹாலுக்கு மாறியது. கூட்டம் போடுகிற இடத்தில் கரும்பலகை வந்தது. தாளாளர் தன் அறைக்குப் போகத் தினமும் அந்த வகுப்பைத் தாண்டித்தான் போக வேண்டும். ஒவ்வொரு தடவையும் மொத்த வகுப்பும் எழுந்து நின்று சத்தமாக வணக்கம் சொல்லுமாம். வக்கீல்தான் முதலில் ஆரம்பிப்பாளாம். பிற்பாடு கட்டடத்தை இடித்தார்கள்.

அக்காவை அந்தப் பள்ளி இனி கூப்பிடாது. அவள் அதைப் பற்றிப் புலம்பவும் இல்லை, பெருமை அடிக்கவும் இல்லை. கட்டடத்தை இடிப்பதற்கு முன்பு, ஒரு ஞாயிற்றுக்கிழமை பி.டி. சார் வீட்டுக்கு வந்தார். விசில் இல்லாமல் அவரைப் பார்க்க ஆள் இளைத்த மாதிரி இருந்தது. உட்காரச் சொன்னோம், உட்காரவில்லை.

"தாளாளர் அனுப்பினாரு," என்றார். "படத்தை கம்ப்யூட்டர்ல மாத்திட்டேன், சுவர் அவ்வளவு மோசமா இல்லைன்னு நீங்க ஒரு வார்த்தை சொல்லணுமாம். சொன்னா வர்ற வருஷத்துல இருந்து எல்லா வகுப்பும் உங்களுக்குத்தானாம்."

மாமா கையில் வைத்திருந்த வாஷரைக் கீழே வைத்துவிட்டு அக்காவைப் பார்த்தார். அம்மாவும் பார்த்தாள். எல்லா வகுப்பும் என்றால் எவ்வளவு பணம் என்று வீட்டில் எல்லோருக்கும் தெரியும்.

"நீங்க என்ன சார் சொல்றீங்க?" என்று கேட்டாள் அக்கா.

"நான் என்ன சொல்றது? அனுப்பினாரு, வந்தேன்."

"அங்க எத்தனை வருஷமா இருக்கீங்க. உங்களை யாராவது படம் எடுத்திருக்காங்களா?"

"என்னையா? நான் வரிசையை நிறுத்துறவன்மா."

"செருப்பைப் போடுங்க, வாங்க."

எதிர்த்த காலி மனைக்கு அவரைக் கூட்டிக்கொண்டு போனாள். லென்ஸ் இடுப்பில். என் கையில் தெர்மாகோல். மாலை வெயில் சாய்ந்து, பின்வீட்டுப் பாசிபிடித்த சுவரில் விழுந்தது. அவரை நிறுத்திவிட்டு விறுவிறுவென்று தூரப் போனாள். வளையத்தைத் திருப்பித் துளையை முழுக்கத் திறப்பது தெரிந்தது. அவருக்குக் கையை எங்கே வைப்பதென்று தெரியவில்லை. இல்லாத விசிலைத் தேடிக் கை கழுத்துக்குப் போனது.

"சார்! திட்டுங்க!"

"யாரைம்மா?"

"யாரை வேணா! எனக்குக் கேக்காது!"

அவர் என்னைப் பார்த்தார். "உனக்குக் கேக்குமே?"

"நான் வெளிய சொல்ல மாட்டேன் சார்."

அவர் தெருவின் கோடியை, பள்ளிக்கூடம் இருக்கிற பக்கத்தைப் பார்த்து நிமிர்ந்தார். முதலில் உதடு மட்டும் அசைந்தது. பிறகு குரல் வந்தது. பத்து வருஷத்துக்கும் சேர்த்து வந்தது. அட்டையைப் பிடித்திருந்த நான் எல்லாவற்றையும் கேட்டேன். வாக்கு வாக்குதான், எழுத மாட்டேன்.

தூரத்தில் அக்கா கட்டைவிரலைத் தூக்கிக் காட்டினாள்.